சபூறா சாச்சி கட்டிய வரி

சபூறா சாச்சி பிள்ளை பார்க்கத் தொடங்கியது இத்தாவில் இருந்தபோது. இதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். பிறகு வந்ததெல்லாம் இதிலிருந்துதான் வந்தது.

சாச்சி என் உம்மாவின் தங்கை. சாய்ந்தமருதில் எங்கள் வளவுக்கும் அவர் வளவுக்கும் நடுவில் ஒரு தகர வேலிதான். அவருடைய கணவர் கடல் தொழில் செய்தவர். சிறுநீரகம் பழுதாகி மௌத்தானார். கணவனை இழந்த பெண் இத்தாக் காலம் முடியும்வரை வீட்டை விட்டு வெளியே போவதில்லை. எப்படியும் வீட்டில்தானே இருக்கிறார் என்று, அடுத்த தெருவில் இருந்த முஸ்பிறா டீச்சர் தன் கைக்குழந்தையைக் கொண்டுவந்து விட்டார். டீச்சருக்குப் பிரசவ லீவு அப்போதுதான் முடிந்திருந்தது.

"சும்மாதானே இரிக்கீங்க ராத்தா. உங்களுக்கும் மனசுக்கு ஆறுதலா இரிக்கும்" என்றாராம்.

இத்தா முடிந்தது. பிள்ளை வந்துகொண்டே இருந்தது. ஒன்றைப் பார்த்து இன்னொன்று என்று, ஐந்து வருடத்தில் பதினொரு பிள்ளைகள். டீச்சர்மார், நேர்ஸ்மார், கந்தோர்களில் வேலை செய்பவர்கள், எல்லோருடைய பிள்ளைகளும் காலை ஏழு மணிக்கு சாச்சியின் வாசலில் இறங்கும். முஸ்பிறா டீச்சருடைய இரண்டாவது மகள் ஹனா பிறந்து மூன்றாம் மாதமே வந்துவிட்டாள்.

சாச்சி யாரிடமும் இவ்வளவு என்று கேட்டதில்லை. பிள்ளைக்கு விலை பேசினால் பறக்கத், அல்லாஹ்வின் அருள், போய்விடும் என்பது அவருடைய எண்ணம். மாதம் பிறந்ததும் தாய்மார் பிள்ளையின் பையில், மடித்த துவாய்க்குக் கீழே, ஒரு என்வலப்பை வைத்துவிடுவார்கள். வைத்தேன் என்று அவர்களும் சொல்வதில்லை, எடுத்தேன் என்று சாச்சியும் சொல்வதில்லை. அதற்குப் பெயர் ஹதியா, அன்பளிப்பு. ஆனால் புதிதாக வரும் தாய் பழைய தாயை வேலியோரமாகக் கூப்பிட்டு எவ்வளவு வைக்கிறது என்று கேட்டு, அதே அளவை வைப்பாள். ஆகவே விலை இருந்தது. வாயால் சொல்லப்படவில்லை, அவ்வளவுதான்.

சாச்சிக்கு வேண்டியிருந்தது ஓர் அறை. மத்தியானம், லுஹர் தொழுகைக்குப் பிறகு சின்னதுகள் ஹோலில் உறங்கும். அந்த நேரம் பார்த்துப் பள்ளிக்கூடம் விட்டுப் பெரியதுகள் வந்துவிடும். ஒன்று எழும்பி அழுதால் எல்லாம் எழும்பும். வளவின் பின்பக்கம் ஓர் அறையும், பிள்ளைகளின் உயரத்துக்கு ஒரு கக்கூசும் கட்டுவதற்கு அவர் வங்கியில் கடன் கேட்டார். வங்கியில் இரண்டு விஷயம் சொன்னார்கள். வருமான வரிக் கோப்பு ஒன்று வேண்டும். பிள்ளை பார்ப்பதற்கு மாதம் இவ்வளவு கொடுக்கிறோம் என்று மூன்று குடும்பங்களாவது எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும்.

நான் பகலில் சாச்சிக்கு உதவியாக நிற்பவள். மாலையில் கல்முனையில் கணக்கியல் வகுப்புக்குப் போகிறேன். வருமான வரிப் பாடம் அப்போதுதான் முடிந்திருந்தது. முடிந்தது என்பதால் எனக்கு விளங்கியது என்று சொல்ல மாட்டேன். ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பச் செய்து, ஒரே விடை வந்தபிறகும் நம்பாமல் இருந்தேன். பிள்ளைகளின் சோறு, பால்மா, கேஸ், எனக்குத் தரும் சம்பளம் எல்லாம் கழித்த பிறகும், போன வரி வருடத்தில் சாச்சியின் வருமானம் வரி விலக்கு எல்லைக்கு மேலே கொஞ்சம் நின்றது. அந்தக் கொஞ்சத்துக்கு நூற்றுக்கு ஆறு. ஒன்பதாயிரத்துச் சொச்சம் வந்தது.

கோபிப்பார் என்று பயந்துகொண்டு சொன்னேன். சாச்சி சிரித்தார்.

"நான் கவுர்மெந்துக்கு வரி கட்டுறதா?"

ஹதியா என்றால் வரி இல்லை, உழைப்பு என்றால்தான் வரி, நீங்களே ஒரு தரம் யோசியுங்கள் என்றேன். எனக்கே அதில் சந்தேகம் இருந்தது. சாச்சி ஒரு பிள்ளைக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தார். அது முடிந்து வாயையும் துடைத்துவிட்டார். பிறகு சொன்னார்.

"ஒரு மாசம் என்வலப் வெக்காட்டி அடுத்த மாசம் புள்ளயக் கொண்டு வருவாங்களா? வெக்கத்துல வரமாட்டாங்க. அப்ப அது கூலிதானே புள்ள. கூலி எண்டா கட்டுவம்."

வரிக் கந்தோரில் எங்களுடன் கதைத்த உத்தியோகத்தர் தங்கராசா என்பவர். தொழில் என்ன என்று கேட்டார். புள்ள பாக்கிற என்றார் சாச்சி. யாருடைய பிள்ளை என்று கேட்டார். ஊர்ட புள்ள என்றார் சாச்சி. அவர் சிரிக்காமல், சிறுவர் பராமரிப்பு என்று எழுதினார். எழுதியதைச் சாச்சிக்கு வாசித்தும் காட்டினார். அந்த இரண்டு சொல்லையும் சாச்சி பஸ்ஸில் வரும்போது என்னிடம் திரும்பக் கேட்டார். பணம் கட்டிய பற்றுச்சீட்டைச் சீதன வீட்டின் உறுதிப் பத்திரம் வைத்திருக்கும் பெட்டியில் வைத்தார்.

விஷயம் ஊருக்குள் சிரிப்பாகப் பரவியது. மீன்காரர் வாசலில் சைக்கிளை நிறுத்தி, பிரதான வீதியில் ஒரு முழம் உங்கட சல்லிலதானாம் போட்டிரிக்கு என்றார். நேர்ஸ் றம்லா தன் மகனை எடுக்க வந்தபோது, "இனி என்ட சம்பளத்தையும் நீங்கதான் தாறீங்க ராத்தா, கொஞ்சம் கூட்டிப் போடுங்க" என்றார். வங்கிக்கான கடிதத்தையும் அங்கேயே நின்று எழுதிக் கொடுத்தார். பிரதேச செயலகத்தில் வேலை செய்யும் ஒரு தாயும் மறுநாளே கொடுத்தார். மூன்றாவதை முஸ்பிறா டீச்சரிடம் கேட்டோம். முதல் பிள்ளை அவருடையது. அவருடைய கணவர் மசூர் ஹாஜியாருக்கு அரிசி மில் இருக்கிறது. பள்ளிவாசலின் ஸகாத் குழுவிலும் இருக்கிறார். அவருடைய கையெழுத்து வங்கியில் எடுபடும் என்று நானும் நினைத்தேன்.

அவர்ட்ட கேக்கணும் என்றார் டீச்சர். அதற்குப் பிறகு பிள்ளைகளை வாசலில் இறக்கிவிட்டு உள்ளே வராமலே போனார்.

வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு ஹாஜியார் தானே வந்தார். மில்லிலிருந்து ஓர் அரிசி மூட்டை முன்னால் வந்து இறங்கியிருந்தது. ஹோலில் பிளாஸ்டிக் கதிரையில் அவர் இருந்தார். சாச்சி உள்கதவின் நிலையருகே நின்றார், இடுப்பில் ஹனா. தகப்பன் கையை நீட்டியும் அவள் போகவில்லை, சாச்சியின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் கீழே இருந்து விளையாட்டுச் சாமான்களை அள்ளிக்கொண்டிருந்தேன்.

கடிதம் ஒன்று கேட்டீர்களாம் என்று அவர் தொடங்கினார். சாச்சி ஓம் என்று, என்ன எழுத வேண்டும் என்பதையும் சொன்னார்.

"அதுலதான் ஒரு சிக்கல் இரிக்கு ராத்தா" என்றார் ஹாஜியார்.

மெதுவாக, மரியாதையாகத்தான் விளக்கினார். ஒவ்வொரு நோன்பு மாதத்திலும் அவர் மில்லின் சரக்குக்கும் கையிருப்புக்கும் ஸகாத் கணக்குப் பார்ப்பார். வசதியுள்ளவர் ஏழைக்குக் கொடுத்தே ஆக வேண்டிய பங்கு அது. சாச்சி விதவையானதிலிருந்து அவர் அந்தப் பங்கைப் பன்னிரண்டாகப் பிரித்து, மாதாமாதம் பிள்ளையின் பையில் வைத்து அனுப்பியிருக்கிறார். இப்படிச் செய்யலாமா என்று கேட்ட இன்னும் மூன்று குடும்பங்களுக்கும், இது மார்க்கத்தில் கூடும், ஊருக்குள் இவரை விடத் தகுதியான விதவை யார் என்று சொல்லியிருக்கிறார். அவர்களும் அப்படியே செய்து வருகிறார்கள்.

சாச்சிக்கு அது உடனே விளங்கவில்லை. எனக்கும்தான்.

"எனக்குத் தந்ததெல்லாம் ஸகாத்தா?"

"ஓம். உங்களுக்குச் சேரவேண்டியதுதான்."

"அப்ப புள்ள பாத்ததுக்கு?"

ஹாஜியார், "நீங்க ஒருநாளும் விலை கதைக்கல்லயே ராத்தா" என்றார். "விலை கதைச்சாத்தானே கூலி. நீங்க பாத்தது அன்புல. நாங்க தந்தது அல்லாஹ்வுக்காக."

அவர் சொன்னது வகுப்பில் செய்யும் கணக்கைப் போல இரண்டு பக்கமும் சமப்பட்டு நின்றது. எங்கோ பிழை இருக்கிறது என்று தெரிந்தது, எந்த வரியில் என்று எனக்குக் காட்டத் தெரியவில்லை. கையில் ஒரு ரப்பர் யானையை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன்.

சாச்சிதான் காட்டினார். "உங்கட ரெண்டு புள்ளக்கும் பீ கழுவினன் ஹாஜியார். அன்புலதான் கழுவின. அன்புல கழுவினாக் கூலி இல்லயா?"

ஹாஜியார் தன்னுடைய கவலையைச் சொன்னார். சாச்சி வரி கட்டியது ஊருக்கே தெரிந்துவிட்டது. வரி கட்டும் அளவுக்கு உழைப்பவர் எப்படி ஏழை ஆவார் என்று பள்ளிவாசலில் கேள்வி வரும். அப்படி வந்தால் நாலு குடும்பத்தின் ஐந்து வருட ஸகாத்தும் நிறைவேறாமல் போகும், எல்லாவற்றையும் இன்னொரு தரம் கொடுக்க வேண்டும். அதனால் சாச்சி வரிக் கந்தோருக்குப் போய், தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக் கோப்பை மூடிவிட வேண்டும்.

"அறைய நாங்க கட்டித் தாறம்" என்றார். "கக்கூசோட சேத்து. பேங்க்குக்கும் போக வேணாம், வட்டியும் வேணாம். ஸகாத் நிதியில எடுக்கலாம். நான் கதைக்கிறன்."

அதுவரை நின்றபடி இருந்த சாச்சி, ஹனாவுடன் அந்த நிலைப்படியிலேயே குந்திவிட்டார். அவர் மூன்று வருடமாக ஆசைப்பட்டுக்கொண்டிருந்த அறை. வருகிற நோன்புக்குள்ளேயே கட்டி முடியும். சரி என்ற ஒரு சொல் போதும். அவர் அந்தச் சொல்லைச் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு கணம் நானும் விரும்பினேன் என்பதை இங்கே மறைப்பதில் பயனில்லை. வெயில் காலத்தில் அந்த ஹோலில் நானும்தான் நிற்கிறேன்.

"வேணாம் ஹாஜியார். ஒண்டு செய்வம்" என்றார் சாச்சி. "நீங்க தந்த ஸகாத் எல்லாத்தையும் நான் திருப்பித் தாறன். நீங்க என்ட கூலியத் தாங்க. ரெண்டும் ஒரே தொகதான். இந்தக் கையால வாங்கி அந்தக் கையால தந்திரலாம். ஒருத்தருக்கும் நட்டமில்ல."

ஹாஜியார் சிரித்தார். "அப்ப ஸகாத்?"

"அத ஏழைக்குக் குடுங்க."

அவருடைய சிரிப்பு அங்கேயே நின்றது. பதினெட்டு இருபது வருடமாக மில் நடத்துபவர், ஒரே தொகையை இரண்டு தரம் கொடுக்க வேண்டி வரும் என்ற கணக்கு அவருக்கு உடனே ஓடியிருக்கும். எழும்பி வந்து ஹனாவைச் சாச்சியின் கையிலிருந்து எடுத்தார். அவள் கத்தினாள். வாசல் தாண்டியும் அவளுடைய சத்தம் கேட்டது. அரிசி மூட்டையை மறுநாள் என் வாப்பா சைக்கிளில் கட்டி மில்லின் வாசலில் வைத்துவிட்டு வந்தார்.

திங்கட்கிழமை ஹனாவும், முதல் பிள்ளையான அவளுடைய ராத்தாவும் வரவில்லை. அந்த மூன்று குடும்பங்களின் பிள்ளைகளும் வரவில்லை. முஸ்பிறா டீச்சர் சாகாமம் பக்கமிருந்து ஒரு பெண்ணை வீட்டோடு எடுத்திருப்பதாக அறிந்தோம். அவளுக்கு மாதச் சம்பளம் இவ்வளவு என்று முன்கூட்டியே பேசியிருந்தார்களாம்.

ஊரில் கதை வேறு மாதிரி ஓடியது. சபூறா லட்சக்கணக்கில் உழைத்துக்கொண்டு ஏழைகளின் ஸகாத்தையும் தின்றிருக்கிறாள் என்பதுதான் கதை. கூலி கொடுக்க வேண்டிய இடத்தில் ஸகாத்தைக் கொடுத்தார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஒரு கலியாண வீட்டில் என் பக்கத்தில் இருந்த பெண்ணுக்கு நான் எல்லாவற்றையும் ஒழுங்காக, ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துச் சொன்னேன். அவள் கடைசிவரை தலையாட்டிக் கேட்டாள்.

"எல்லாம் சரி புள்ள. ஆனா வரி கட்டினவதானே?" என்றாள்.

சாச்சிக்கு ஊர்ப் பேச்சை விட மற்றதுதான் தாங்க முடியாமல் இருந்தது. ஐந்து வருடம் ஏழையின் பங்கை உண்டிருக்கிறோமா என்ற கேள்வி. கூலி என்று நினைத்துத்தானே வாங்கினீர்கள், உங்கள் மேல் குற்றம் இல்லை என்று நானும் உம்மாவும் சொன்னோம். "தெரியாமத் தின்டாலும் தின்டதுதானே" என்று ஒரு மத்தியானம் சோற்றைத் தள்ளி வைத்தார். மிச்சமிருந்த ஆறு பிள்ளைகளும் உண்டு முடித்திருந்தார்கள். ஹோல் அமைதியாக இருந்தது, பிள்ளைகள் நன்றாக உறங்கினார்கள். அறை இல்லாமலே இப்போது இடம் காணும்.

வங்கிக்கு மூன்றாவது கடிதம் வந்தே சேர்ந்தது. டீச்சர் தானே அங்கு அனுப்பியிருந்தார். கணினியில் அடித்து, நாலு குடும்பமும் கையெழுத்திட்ட கடிதம். விதவையான சபூறா அவர்களுக்கு அவரது இத்தாக் காலம் முதல் எம்மால் இயன்ற மாதாந்த உதவியை வழங்கி வந்தோம் என்று நல்ல தமிழில் இருந்தது. வங்கியில் இருந்தவர் அதைச் சங்கடத்தோடு எங்களிடம் காட்டினார். உதவியை வருமானமாக எடுக்க முடியாது, மற்றதை வைத்துப் பார்த்தால் கடனுக்குப் போதாது என்றார். அவர் சொன்னதில் பிழை இல்லை. நான் அவருடைய இடத்தில் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அன்று மாலை வகுப்பில் எனக்கு ஒன்று பட்டது. வங்கிக்கு அது உதவி என்றால், வரிக்கும் அது உதவிதானே. உதவிக்கு வரி இல்லை. அந்த நாலு குடும்பத்தின் பணத்தைக் கழித்தால் சாச்சியின் வருமானம் விலக்கு எல்லைக்குக் கீழே போய்விடும். கட்டிய வரி முழுவதையும் திரும்பக் கேட்கலாம். வழக்கம்போல என்னையே நம்பாமல், மறுநாளும் கணக்கைச் செய்து பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. கேஸ் சிலிண்டர் முடிந்து சாச்சி விறகில் சமைத்துக்கொண்டிருந்த வாரம் அது. அவரிடம் சொன்னேன். சரி, போய்க் கேட்டுப் பார்ப்போம் என்றார்.

தங்கராசா எங்களை அடையாளம் கண்டார். கடிதத்தின் பிரதியை வாசித்தார், என் கணக்கைப் பார்த்தார். நான் செய்தது பெரும்பாலும் சரி என்றார். திருத்திய வரி விபரத்திரட்டு ஒன்று கொடுத்தால் போதும், கொஞ்சக் காலம் எடுக்கும், ஆனால் பணம் வரும்.

சாச்சி கையை மேசையில் வைத்துக்கொண்டு கேட்டார். "திருப்பி எடுத்தா அதுல என்ன எண்டு இரிக்கும் ஐயா?"

"எதில அம்மா?"

"இந்தக் கோப்புல. என்னப் பத்தி."

தங்கராசா கடிதத்தின் பிரதியைத் தொட்டுக் காட்டினார். "அந்த ஆக்கள் தந்தது உதவி, உழைப்பு இல்ல எண்டு நீங்களே ஏற்றுக்கொண்டதா இருக்கும்" என்றார்.

சாச்சி என்னைப் பார்த்தார். நான் எழுதிக் கொண்டுபோன கணக்குத் தாள் எங்கள் நடுவில் கிடந்தது.

"நான் உழைச்ச ஐயா" என்றார் சாச்சி. "கட்டினது அப்படியே கிடக்கட்டும்."

நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, இன்னும் காலம் இருக்கு என்றார் தங்கராசா. சாச்சி எழும்பிவிட்டார். நான் தாளை மடித்து எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

பஸ் நிற்கும் இடத்தில் நிழல் இல்லை. அந்தப் பணத்துக்குக் கேஸும் இரண்டு மாதத்துப் பால்மாவும் வாங்கியிருக்கலாம் என்று சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"தெரியும்" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து, வருகிற வருடம் எவ்வளவு கட்ட வேண்டி வரும் என்று கேட்டார். ஒன்றும் கட்டத் தேவையில்லை என்றேன். ஆறு பிள்ளைகளை வைத்து விலக்கு எல்லையின் பாதிக்குக்கூட வர மாட்டோம், இந்த வருடத்திலிருந்து அந்த எல்லையையும் உயர்த்திவிட்டார்கள்.

"விருப்பத்துக்குக் கொஞ்சம் கட்ட ஏலாதா?"

"ஏலா சாச்சி. வருமானம் இல்லாட்டி வாங்க மாட்டாங்க."

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். அக்கரைப்பற்றுப் பக்கமிருந்து பஸ் வருவது தெரிந்தது.

"அப்ப வாற வருஷம் ஹாஜியார் சொன்னது சரியா வந்திரும்" என்றார். "உண்மையாவே எனக்கு ஸகாத் எடுக்கலாம்."

சிரிக்கிறாரா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. பஸ்ஸில் இடம் இருக்கவில்லை. சாய்ந்தமருது வரும்வரை இரண்டு பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தோம்.